சிங்கப்பூரின் ராக் காலம்: தாளில் எஞ்சியதும் அதைப் படிக்கும் விதமும்

சிங்கப்பூரில் 1960களிலேயே மின்கித்தார் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தம் புதிதுபோல் வலம் வருகிறது. பழைய இசைத்தட்டு ஒன்று மறுபடி அச்சாகும். மூத்த இசைக்கலைஞர் ஒருவர் காலமாவார். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருந்த சப்ஸ்டேஷன் என்ற கலை மையம் 2021இல் தன் கட்டடத்தைக் காலி செய்ததைப்போல் ஓர் இடம் கைமாறும். உடனே "முதல் ராக் ஆல்பம்", "முதல் உள்ளூர் நம்பர் ஒன்", "அந்தக் காலத்தில் ராக்குக்கே தடை" என்று ஒன்றோடொன்று ஒட்டாத கூற்றுகள் பரவுகின்றன.

இவற்றில் எது சரி என்று கேட்பதற்கு முன், யார் எழுதினார்கள், எந்தத் தாளில், எந்த உரிமத்தின்கீழ், எந்த மொழியில் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

சீன்: "சீன் போடுகிறான்" என்று நாம் சொல்லும் பொருளில் அல்ல. குழுக்கள், ஒத்திகை அறைகள், மேடைகள், இசைத்தட்டுக் கடைகள், வானொலி, எழுதுபவர்கள், காசு கொடுத்து வந்து நிற்கும் கேட்பவர்கள் எல்லாம் சேர்ந்த வலை. இதில் ஒன்று அறுந்தாலும் மற்றவை தளரும்.

கிக்: சிறிய அரங்கில் நடக்கும் நேரடி நிகழ்ச்சி.

ஃபேன்சின்: ரசிகர்களே எழுதி, தட்டச்சு செய்து, ஒட்டி, ஃபோட்டோகாப்பி எடுத்து விற்கும் இதழ். ரசிகர் இதழ் என்றும் சொல்லலாம்.

டெமோ: குழு தன் கைக்காசில் பதிவு செய்யும் மாதிரி ஒலிநாடா. பெரும்பாலும் 60 நிமிடக் கேசட்.

இரண்டு அலைகளும் நடுவில் ஒரு முறிவும்

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் கேலாங்கில் உள்ள ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். மூன்று கித்தார், ஒரு டிரம்ஸ் இருந்தால் குழு அமைக்கலாம் என்பதைப் பள்ளி மாணவர்கள் அன்று கண்ணால் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கிரெசெண்டோஸ், குவெஸ்ட்ஸ், நவோமி அண்ட் தி பாய்ஸ் என்று குழுக்கள் பெருகின. குவெஸ்ட்ஸ் குழுவின் கித்தார் கலைஞர் ரெஜி வர்கீஸ் பின்னாளில் இஎம்ஐ நிறுவனத்துக்காக மற்றவர்களின் பாடல்களைத் தயாரித்தார். சிவா சோய் தன் சகோதரர் ஜேம்சுடன் சைக்ளோன்ஸ் என்ற பெயரில் பாடினார். மலாயில் இதே அலைக்குப் பாப் யே யே என்று பெயர். பீட்டில்ஸ் பாட்டில் வரும் "யே யே"தான் அது. மாண்டரினில் ரீட்டா சாவும் சக்குராவும் அகோகோ என்ற ஆட்டப் பாட்டுகளைப் பாடினார்கள். நான்கு மொழிப் பேச்சு இருந்த ஊரில் ஒரே கித்தார் ஓசை மூன்று மொழியில் ஒலித்தது.

1970களின் தொடக்கத்தில் இது சரிந்தது. "அரசாங்கம் தடை செய்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். காரணங்கள் அதைவிடச் சிக்கலானவை:

1. ராணுவத் தளங்கள். சாங்கி, செலேத்தார், செம்பவாங், நீ சூன் முகாம்களின் கிளப்புகள் குழுக்களுக்கு நிரந்தர வருமானம் தந்தன. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் முடிவு 1968இல் அறிவிக்கப்பட்டு, 1971இல் பெரும்பகுதி நிறைவேறியது. கேட்பவர்களும் சம்பளமும் ஒன்றாகப் போயின.

2. தேசிய சேவை. இளைஞர்களுக்கான இந்த ராணுவப் பணி 1967இல் கட்டாயமானது. பதினெட்டு வயதில் நால்வரும் ஒரே மாதத்தில் சேர்வதில்லை. ஒருவர் முடித்து வரும்போது இன்னொருவர் உள்ளே போவார். ஒரு குழுவின் ஆயுள் ஏன் இரண்டு மூன்று ஆண்டோடு நின்றது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

3. கலாசாரக் கொள்கை. 1959லேயே "மஞ்சள் கலாசாரம்", அதாவது சீரழிவு என்று கருதப்பட்ட கேளிக்கைகளுக்கு எதிரான இயக்கத்தில், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ்கள் தடை செய்யப்பட்டன. 1970களில் நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்ற அறிவிப்பு அரசு அலுவலகங்களில் தொங்கியது. 1972 பிப்ரவரியில் லெட் செப்பெலின் குழுவின் சிங்கப்பூர் நிகழ்ச்சி முடியின் நீளத்தால் நடக்காமல் போனது. மேடையில் நிற்பவர் யார் என்பதை முடி வெட்டுபவர் தீர்மானிக்கும் நிலை.

ஆகவே "தடை" என்பது ராக் இசை கூடாது என்ற ஒற்றைச் சட்டமாக வந்ததில்லை. வருமானம் வற்றியதும், ஆட்கள் சிதறியதும், தோற்றத்தின்மீது வந்த கெடுபிடியும் ஒரே ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகும் இசை நின்றுவிடவில்லை. 2019இல் தேசிய கீதத்தின் புதிய பதிவைப் பாடிய ராம்லி சாரிப், 1970களின் இறுதியில் ஸ்வீட் சேரிட்டி குழுவுடன் மலாய் ராக்கை வானொலிக்குக் கொண்டுவந்தவர்.

அடுத்த ஆங்கில அலை 1980களில் சிறிதாகத் தொடங்கியது. கிறிஸ் ஹோவின் சிர்க்கோன் லவுஞ்ச் 1983இல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. 1990இல் குவோ பாவ் குன் சப்ஸ்டேஷனைத் திறந்தபோது அதன் பின்புறத் தோட்டம் கிக் நடத்த ஏற்ற இடமானது. பேட்ரிக் சிங்கின் ஆட்ஃபெலோஸ் 1991இலும், லெஸ்லி லோவின் ஹம்ப்பேக் ஓக் 1994இலும் முதல் ஆல்பங்களை வெளியிட்டன.

எழுதுவதற்கும் உரிமம்

1974இல் வந்த நாளிதழ், அச்சகச் சட்டத்தில் "நாளிதழ்" என்ற சொல்லின் வரையறை மிக அகலமானது. செய்தியோ, அதன்மீதான கருத்தோ, பொதுமக்களுக்கு அக்கறையுள்ள விஷயமோ அச்சாகி, விற்கப்பட்டாலும் இலவசமாகக் கொடுக்கப்பட்டாலும், முறையான இடைவெளியில் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குள் வரும். அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். கிக் நடத்தப் பொதுக் கேளிக்கை உரிமம் தனி.

பெரிய நாளிதழ்களிடம் அனுமதி இருந்தது, வாசகர்களும் இருந்தார்கள். ஆனால் கேளிக்கைப் பக்கத்துக்கு இடம் குறைவு. வெளிநாட்டு நட்சத்திரங்களின் செய்தி இசைத்தட்டு நிறுவனங்களிடமிருந்து படத்தோடு தயாராக வந்துவிடும். உள்ளூர்க் குழுவைப் பற்றி எழுத நிருபர் இரவு கிக்குக்குப் போக வேண்டும். எதற்கு இடம் கிடைத்திருக்கும் என்பது தெரிந்ததே.

இந்த இடைவெளியில்தான் 1985இல் பிகோ பிறந்தது. மைக்கேல் சியா, ஃபிலிப் சியா, ஸ்டீஃபன் டான் ஆகியோர் ஃபோட்டோகாப்பி இதழாகத் தொடங்கினார்கள். "எனக்கு வயதாவதற்கு முன்" என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அந்தப் பெயர்; தி ஹூ குழுவின் பாட்டு வரியிலிருந்து வந்தது. 1990இல் அது கடைகளில் விற்கும் முழு இதழாக மாறியது. உள்ளூர்க் குழுக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது, கிக் நடத்தியது. ஒரே கையால் எழுதி, பதிவு செய்து, மேடையும் அமைத்தது. எழுதுபவரும் நடத்துபவரும் ஒருவரே என்றால் விமர்சனத்தின் சுதந்திரம் குறையாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் செய்யாவிட்டால் அந்தக் குழுக்களில் பலவற்றுக்கு ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. என்னைக் கேட்டால், அந்த விலை கொடுக்கத் தக்கது.

ஃபோட்டோகாப்பி இதழின் உடற்கூறு

பழைய ரசிகர் இதழ் ஒன்று கையில் கிடைத்தால் அதை நம்பலாமா என்று தீர்மானிக்க, அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம். எனவே பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்கு. 16 பக்க இதழுக்கு நான்கு தாள் போதும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறுமுகத்தில் 2உம் 15உம் வரும். அடுத்த தாளில் 14, 3. பின்னால் 4, 13. மூன்றாவதில் 12, 5. பின்னால் 6, 11. நடுத்தாளில் 10, 7. பின்னால் 8, 9. ஒரே முகத்தில் இருக்கும் இரு பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 17. 20 பக்கமென்றால் 21.

இந்தக் கணக்கு இன்றும் பயன்படும். ஒரு பிரதியில் 3ஆம் பக்கம் இல்லையென்றால் 4, 13, 14 மூன்றும் இல்லாமல்தான் இருக்க வேண்டும். 3இன் பின்பக்கமான 4 மட்டும் போய் 13உம் 14உம் இருந்தால், யாரோ தாளைப் பாதியில் கிழித்திருக்கிறார்கள். மூலப்பிரதியிலேயே விடுபட்டதா, பிறகு தொலைந்ததா என்பது இப்படித்தான் தெரியும்.

எழுத்து தட்டச்சுப்பொறியில். தலைப்புக்கு லெட்ராசெட், அதாவது தேய்த்தால் தாளில் ஒட்டும் எழுத்துகள். ஒரு தாளில் ஆங்கில "இ" போன்ற அதிகம் தேவைப்படும் எழுத்து முதலில் தீர்ந்துவிடும். அதனால்தான் சில தலைப்புகளில் ஓர் எழுத்து மட்டும் வேறு உருவத்தில் நிற்கிறது. பத்திகளை வெட்டி ரப்பர் பசையால் ஒட்டுவார்கள். வெட்டிய ஓரத்தின் நிழல் நகலில் மெல்லிய கோடாக விழும். திருத்தும் வெள்ளை மையால் அதை மறைப்பார்கள்.

தவறுகள் நேரும் இடங்கள்:

1. படங்கள். அக்கால நகல் இயந்திரம் சாம்பல் நிறத்தைக் கையாளாது. எல்லாம் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. கிக் படத்தில் பாடகர் முகம் கறுப்புத் திட்டாகிவிடும். படத்தை முன்கூட்டியே புள்ளிகளாக மாற்றிக்கொண்டால் தப்பும். அதற்கு அச்சகத்துக்குத் தனிச் செலவு. படத்தின் அடியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பி ஆளை அடையாளம் காணாதீர்கள்.

2. பெயர்கள். மேடையில் கேட்டதை வைத்து எழுதியவை. ஒரே ஆளின் பெயர் மூன்று இதழில் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும்.

3. ஓரங்கள். இயந்திரம் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டரைப் படிக்காது. அடிவரியில் இருந்த தேதியோ விலையோ அப்படியே காணாமல் போயிருக்கும்.

4. நகலின் நகல். மூலம் தொலைந்தபின் பிரதியிலிருந்து எடுத்த பிரதியில் எழுத்துகள் தடித்து, 3உம் 8உம் ஒன்றுபோலத் தெரியும். ஆண்டுகள் பிழையாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வெளியீட்டாளர்கள் நூலகத்துக்குப் பிரதி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருந்தாலும், ஃபோட்டோகாப்பிக் கடையில் பிறந்து கிக் வாசலில் விற்றுத் தீர்ந்த இதழ் அந்த வலையில் எளிதில் சிக்காது. நாளிதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். ரசிகர் இதழ்கள் அலமாரிகளிலும் கட்டிலடிப் பெட்டிகளிலும் இருக்கின்றன.

தேதி இல்லாத தாளுக்குத் தேதி கண்டுபிடிப்பது

துண்டறிக்கை, கேசட் அட்டை, இசைத்தட்டு உறை எதிலும் ஆண்டு இருக்காது. முகவரி இருக்கும். சிங்கப்பூரில் அது ஒரு வரப்பிரசாதம்.

1. அஞ்சல் குறியீடு. "சிங்கப்பூர் 9" என்று ஓரிரு இலக்கம் மட்டும் இருந்தால் 1950க்கும் 1979க்கும் இடைப்பட்டது. நான்கு இலக்கம் என்றால் 1979க்குப் பின், 1995க்கு முன். ஆறு இலக்கம் 1995 செப்டம்பரில் வந்தது. பழைய உறைகளை அச்சடித்துக் குவித்து வைத்தவர்கள் ஓரிரு ஆண்டு தாமதமாகவும் பயன்படுத்தியிருப்பார்கள். அதற்கு இடம் கொடுங்கள்.

2. தொலைபேசி எண். தரைவழி எண்ணின் முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கமானது 2002இல். ஏழு இலக்கம் இருந்தால் அதற்கு முந்தையது.

3. அனுமதி எண். அட்டையின் உள்பக்கத்தில் சிற்றெழுத்தில் "மிட்டா (பி)" என்று தொடங்கும் எண் இருந்தால், தகவல், கலைகள் அமைச்சு 1990இல் உருவானபின் வந்த இதழ் அது. எண்ணின் பின்பகுதியில் மாதமும் ஆண்டும் சாய்கோட்டுக்கு இடையில் இருக்கும். அனுமதி ஆண்டுக்கொருமுறை மாறுவதால் ஏறக்குறைய ஓராண்டு வரம்புக்குள் கொண்டுவந்துவிடலாம். அனுமதி எண்ணே இல்லையென்றால் ரசிகர் இதழாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. மலாய் எழுத்துக்கூட்டல். 1972இல் மலாய் எழுத்துமுறை சீரமைக்கப்பட்டது. ரோமன் எழுத்தில் "ச" ஒலிக்கு "சி, எச்" என்று இரண்டு எழுத்து வந்தால் அதற்கு முந்தைய வழக்கு. "சி" மட்டும் வந்தால் பிந்தையது. நாளிதழ்க் களஞ்சியத்தில் பாப் யே யே குழுக்களைத் தேடுபவர்கள் இரண்டு வடிவத்திலும் தேட வேண்டும்.

5. இசைத்தட்டின் உள்வளையம். கடைசிப் பாட்டு முடிந்து முகப்புத்தாள் தொடங்கும் முன் உள்ள வழவழப்பான இடத்தில் எண் பொறித்திருக்கும். உறை மாறிப்போயிருந்தாலும் அந்த எண் மாறாது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கூற்றுகளை எடைபோடுதல்

"நடந்தது" என்பதற்கு விளம்பரம் சாட்சியல்ல. முன்னோட்டச் செய்தி நிகழ்ச்சிக்கு முன் எழுதப்படுவது. உரிமம் கிடைக்காமலோ, விமான நிலையத்தில் முடி பிரச்சினையாகியோ நின்றுபோயிருக்கலாம். லெட் செப்பெலினின் 1972 நிகழ்ச்சியை நினைவில் வையுங்கள். நிகழ்ச்சிக்கு மறுநாளோ பிறகோ வந்த விமர்சனம், படம், பணம் கட்டிய ரசீது இவற்றில் ஒன்றாவது வேண்டும்.

"நம்பர் ஒன்" என்றால் எந்தப் பட்டியலில் என்று கேளுங்கள். குவெஸ்ட்ஸின் "ஷாண்டி" 1964இல் பீட்டில்ஸ் பாட்டைக் கீழே தள்ளி உள்ளூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1990களின் தொடக்கத்தில் ஆட்ஃபெலோஸின் "சோ ஹேப்பி" பெர்ஃபெக்ட் டென் 98.7 வானொலியின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் வானொலிப் பட்டியல் எதை எத்தனை முறை ஒலிபரப்பினார்கள், எதைக் கேட்டார்கள் என்பதைக் காட்டும். எத்தனை பிரதி விற்றது என்பதைச் சொல்லாது. இரண்டையும் ஒப்பிட்டு எது பெரிது என்பது வீண் வாதம்.

"முதல்" என்ற சொல்லுக்கு முன்னால் எத்தனை அடைமொழி இருக்கிறதென்று எண்ணுங்கள். ஆட்ஃபெலோஸின் 1991 ஆல்பத்தை முதல் இண்டி ஆல்பம், அதாவது பெரிய நிறுவனத்தைச் சாராத ஆல்பம் என்பார்கள். பெரிய நிறுவனத்தின்வழி வந்த சிர்க்கோன் லவுஞ்ச் ஆல்பம் எட்டு ஆண்டு முந்தையது. "இண்டி" என்ற அடைமொழியை எடுத்துவிட்டால் கூற்று விழுந்துவிடும், வைத்திருந்தால் நிற்கும். தலைப்பை வெட்டும்போது அடைமொழிதான் முதலில் போகிறது.

மொழியும் இதில் சேர்ந்தது. ஆங்கில நாளிதழை மட்டும் படித்தால் 1980கள் ராக் இல்லாத பாலைவனம்போலத் தெரியும். மலாய் நாளிதழான பெரித்தா ஹரியானைத் திருப்பினால் லவ்ஹண்டர்ஸ், ரஸ்டி பிளேடு ஆகிய மலாய் ராக் குழுக்களின் காலம் அது. நம் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ருத்ரா குழு 1992இல் இங்கே உருவானது. இடையில் கலைந்து, மீண்டும் கூடி, 1998இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. இந்தியர்களான கதிரசனும் நண்பர்களும் டெத் மெட்டல் இடிமுழக்கத்தின்மேல் சமஸ்கிருதச் சுலோகங்களை ஏற்றினார்கள்; வேத மெட்டல் என்று உலக மெட்டல் ரசிகர்கள் அதை அறிவார்கள். இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் அவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தமிழில் விரிவாக எழுத வேண்டிய கதை அது. கோயில் மேடையிலும் திரையிசையிலும் மட்டும் நம் இசையைத் தேடினால் கண்ணில் படாது.

வீட்டில் இருக்கும் பெட்டியைத் திறப்பவர்களுக்கு

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஸ்டோர் ரூமில் முப்பது ஆண்டு இருந்த தாளுக்கு எதிரி ஈரப்பதம்தான்.

1. ஸ்டேபிள் முள் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். நகத்தால் இழுக்காதீர்கள். பின்பக்கக் கால்களை மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்திவிட்டு முன்பக்கமாகத் தூக்குங்கள். மீண்டும் தைக்க வேண்டாம்.

2. மலிவான பிவிசி உறைக்குள் இருந்த நகல் தாளில் மைத்தூள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் எழுத்து உறையோடு வந்துவிடும். ஒட்டியிருந்தால் உறையோடு சேர்த்தே படம் எடுத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். புதிதாக வைக்க அமிலமற்ற காகித உறை அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை.

3. வருடும்போது (ஸ்கேன் செய்யும்போது) கறுப்பு வெள்ளை அமைப்பு வேண்டாம். சாம்பல் நிற அமைப்பில் குறைந்தது 300 டிபிஐ, படமிருந்தால் 600. வெள்ளை மையின் தடயமும் பென்சில் குறிப்பும் அப்போதுதான் தெரியும்.

4. கேசட்டை ஓட்டுவதற்கு முன் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டாதீர்கள், ஒன்றிலிருந்து இயந்திரத்துக்கும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கிக் கேட்கும். நாடாவை வேறு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினால் சரியாகிவிடும்.

5. கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்து அதிலேயே வையுங்கள்.

6. உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு என்று அவர் சொன்னார், எதை வைத்துச் சொன்னார். அவர் சொன்ன ஆண்டும், தாளில் உள்ள அஞ்சல் குறியீடு காட்டும் ஆண்டும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி, எது யாருடையது என்று குறியுங்கள்.